வேலூர் வெயிலில் மினியேச்சர் பசைகள்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

மினியேச்சர் பொம்மைகளை ஒட்டுவதற்கு எந்தப் பசை நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பெயரைப் பதிலாகச் சொல்லிவிட முடியாது. ஒட்டப்படும் பொருள் எது, ஒட்டும் இடத்தின் வெயிலும் ஈரமும் எப்படி என்ற இரண்டையும் பொறுத்தே பசை வேலை செய்கிறது. விலையும், அட்டையில் அச்சிட்டிருக்கும் வலிமைக் கணக்கும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுப் பரிந்துரைகள் பெரும்பாலும் 20 டிகிரி வெப்பமுள்ள அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மே மாதத்தில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் வேலூரில் அவற்றை அப்படியே பின்பற்றினால், வாங்கிய பசையில் பாதி குப்பியிலேயே கெட்டுப்போகும். ஆகவே உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும் பசைகளையும், வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியவற்றையும் இந்த ஊரின் பருவத்தோடு சேர்த்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

என் மேசையில் உருவாகிக்கொண்டிருப்பது 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த சிப்பாய்ப் புரட்சியின் காட்சி. கோட்டைக்குள் இருந்த 69ஆம் படைப்பிரிவின் ஆங்கிலேய வீரர்கள் 28 மி.மீ. உயரமுள்ள கடினப் பிளாஸ்டிக் உருவங்கள். மதராஸ் காலாட்படைச் சிப்பாய்கள் வெள்ளீயக் கலவையில் வார்க்கப்பட்டவர்கள். புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி அழைத்துவந்த 19ஆம் குதிரைப்படை தொலைவில் வருவதுபோலத் தோன்ற வேண்டும் என்பதற்காக 1:72 அளவிலான சிறிய மென்பிளாஸ்டிக் உருவங்கள். பீரங்கிகள், ஒளி பட்டால் இறுகும் ரெசின் என்ற திரவத்தைக் கொண்டு முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுத்தவை. கோட்டைச் சுவர் தெர்மோகோல். இப்படி ஒரே பலகையில் ஐந்து வகைப் பொருள் கூடியிருப்பதால், ஒரே பசையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பேற்றிவிடலாம் என்ற ஆசைக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

பொருளை அடையாளம் காண ஆய்வகம் தேவையில்லை. உருவங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டகத்தில் ஒரு துண்டை நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழி ஒட்டியிராதபடி விரலால் ஒருமுறை அமுக்கிவிட வேண்டும். மிதந்தால் அது பாலிஎத்திலீன் போன்ற மென்பிளாஸ்டிக். மூழ்கினால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். பாலிஸ்டைரீனின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.05 கிராம், பாலிஎத்திலீனுடையதோ 1 கிராமுக்கும் குறைவு என்பதால், தண்ணீரே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. ரெசினும் மூழ்கும் என்பதால், மூழ்கிய துண்டின்மேல் பிளாஸ்டிக் சிமெண்ட் எனப்படும், பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பசையை ஒரு சொட்டு வைத்து, சில நொடிகள் கழித்து நகத்தால் கீறிப் பார்ப்பது நல்லது. மேற்பரப்பு இளகிப் பிசுபிசுத்தால் சிமெண்ட் பிடிக்கும். சொட்டு அப்படியே காய்ந்து, அடியில் பளபளப்புக்கூடக் குறையாமல் இருந்தால் பிடிக்காது. பொட்டியின்மேல் எழுதியிருப்பதைவிட இந்தச் சோதனையையே நான் நம்புகிறேன்.

கடினப் பிளாஸ்டிக் உருவங்களுக்கு ஜப்பானின் டாமியா நிறுவனம் விற்கும் எக்ஸ்ட்ரா தின் சிமெண்டைவிடச் சிறந்ததை நான் பயன்படுத்தியதில்லை. பச்சை மூடி போட்ட 40 மி.லி. கண்ணாடிக் குப்பி, மூடியின் உட்புறத்திலேயே மெல்லிய தூரிகை. உள்ளே இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிடேட்டும் சேர்ந்த, தண்ணீரைப் போல ஓடும் கரைப்பான். அது இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கவிட்டுவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடுகிறது. காய்ந்த பிறகு நடுவில் பசைப்படலம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. சில நிமிடங்களில் உருவம் தானாக நிற்கும், முழுப் பிடிப்புக்கு ஒரு நாள் விட வேண்டும். அதன்பின் அந்த மூட்டைப் பிரிக்க முயன்றால் பொம்மையின் கை உடையுமே தவிர மூட்டு விடாது.

இதைக் குப்பியிலிருந்து எடுத்து இரண்டு துண்டிலும் தடவிப் பிறகு ஒட்டுவதுதான் முறை என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மெல்லிய சிமெண்டுக்கு அது பொருந்தாது. கையைத் தோளில் பொருத்தி, சாமணத்தால் அசையாமல் பிடித்துக்கொண்டு, தூரிகையின் நுனியை மூட்டின் ஓர் இடத்தில் தொட்டாலே போதும். பளபளக்கும் ஒரு கோடு மூட்டைச் சுற்றி ஓடி மறுபக்கம் வந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஐந்தாறு நொடிகள் கழித்து மெல்ல அழுத்தினால், இளகிய பிளாஸ்டிக் முடியளவு மெல்லிய வரம்பாக ஓரத்தில் பிதுங்கும். அந்த நேரத்தில் கை துறுதுறுக்கும், துடைத்துவிடக் கூடாது; துடைத்தால் சட்டையின் மடிப்பு, பொத்தான் எல்லாம் சேர்ந்து இழுபட்டுப்போகும். மறுநாள் வரம்பைக் கத்தி நுனியால் சீவி, 600ஆம் எண் உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் மூட்டு இருந்த இடமே தெரிவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. மூட்டைச் சுற்றி ஓடும் அதே குணத்தால், உருவத்தைப் பிடித்திருக்கும் விரலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவிலும் சிமெண்ட் புகுந்துவிடும். வீரனின் முதுகில் நம் கைரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும். மூட்டுக்கு அருகில் விரல் படாமல் பிடிப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை. வண்ணம் பூசிய பரப்பில் இது பிடிக்காது என்பதால், ஒட்டும் இடத்தில் மட்டும் வண்ணத்தைச் சுரண்டியாக வேண்டும். இரண்டு துண்டும் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி இருந்தால் இந்த நீர்த்த சிமெண்ட் அதை நிரப்பாது. அதற்கு அதே நிறுவனத்தின் சற்றுக் கெட்டியான சாதாரண சிமெண்டோ, ரெவெல் நிறுவனத்தின் ஊசி முனை வைத்த காண்டாக்டா புரொஃபெஷனலோ ஏற்றவை. அகலமான பரப்புகளுக்குக் காண்டாக்டா வசதியானது. ஆனால் ஊசி அடைத்துக்கொள்ளும் வகை என்பதால், வேலை முடிந்ததும் ஊசியைத் துடைத்து மூடாதவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை. செலவே இல்லாத இன்னொரு வழியும் உண்டு. தீர்ந்துகொண்டிருக்கும் சிமெண்ட் குப்பியில் சட்டகத்தின் துணுக்குகளைப் பொடியாக நறுக்கிப் போட்டு ஓரிரு நாள் விட்டால், அவை கரைந்து பால்கோவா பதத்துக்கு ஒரு கூழ் கிடைக்கும். பொம்மையின் பிளாஸ்டிக்கே கூழாக இருப்பதால் இடைவெளியை நிரப்பவும், காய்ந்தபின் தேய்க்கவும் அதற்கு நிகரான மாவு வேறில்லை. சுருங்கும் என்பதால் இரண்டு தடவையாக நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

கோடையில் இந்தக் குப்பியோடு வேலை செய்வதற்குத் தனிப் பொறுமை வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களின் நடுப்பகலில் தூரிகை குப்பியிலிருந்து மூட்டுக்கு வந்துசேர்வதற்குள் அதிலுள்ள கரைப்பானில் ஒரு பங்கு ஆவியாகிவிடுகிறது. தலைக்குமேல் மின்விசிறி சுழன்றால் இன்னும் மோசம். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள் என்று மே மாதத்தில் வேலூர்க்காரரிடம் சொல்வது மனிதாபிமானமே இல்லாத யோசனை என்பதால், சிமெண்ட் வேலையை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்வதே சரியாக இருக்கிறது. அந்த நேரத்தில் சன்னலைத் திறந்துவைத்தாலும் அனல் அடிக்காது, ஆவியும் வெளியேறும். இது எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதையும், சாமி விளக்கு, கொசுவத்தி ஆகியவற்றின் பக்கத்தில் குப்பியைத் திறக்கக் கூடாது என்பதையும் வீட்டில் உள்ள அனைவருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

உள்ளூரில் இதற்கு மாற்று உண்டா என்ற கேள்வி இயல்பாக எழும். லாங்கு பஜார்ப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் சிமெண்ட் என்று கேட்டால் மூட்டையைத்தான் காட்டுவார்கள். பிளாஸ்டிக் ஒட்டுவதற்கு என்று விளக்கினால் பி.வி.சி. குழாய் ஒட்டும் சொல்யூஷன் டப்பா வரும். டெட்ராஹைட்ரோஃபியூரான் போன்ற வலிய கரைப்பான்களால் செய்யப்பட்ட அந்தக் கெட்டிச் சொல்யூஷன் பாலிஸ்டைரீனையும் இளக்கத்தான் செய்யும். ஆனால் குழாயின் தடித்த சுவருக்காக உருவாக்கப்பட்ட அந்த வீரியத்துக்கு முன்னால் தீக்குச்சியைவிட மெல்லிய துப்பாக்கிக் குழல் நிற்காது, வளைந்து தொய்ந்துவிடும். பெயிண்ட் கடைத் தின்னரை வைத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஒட்டும், என்றாலும் ஒவ்வொரு டின்னிலும் கலவை வேறு என்பதால், சென்ற மாதம் ஒழுங்காக ஒட்டியது இந்த மாதம் முகத்தையே கரைக்கலாம். பெயர்ப்பலகை செய்பவர்கள் அக்ரிலிக் தகடு ஒட்டக் குளோரோஃபார்ம் பயன்படுத்துவதுண்டு. அது கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு விளைவிப்பது, புற்றுநோய் ஐயமும் அதன்மேல் உண்டு என்பதால், மூடிய அறையில் உட்கார்ந்து செய்யும் பொழுதுபோக்குக்கு அதைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சுத்தமான அசிட்டோன் மட்டும் ஓரளவு தேறும். ஆனால் அது பிளாஸ்டிக்கை இளக்குவதற்கு முன்பே பறந்துவிடுகிறது. ஆகவே இந்த ஒரு பொருளுக்கு மட்டும், பல நூறு ரூபாய் கொடுத்து வெளியூரிலிருந்து வரவழைப்பதை நான் வீண்செலவாகக் கருதவில்லை. ஒரு குப்பி ஒரு படைப்பிரிவுக்கே போதும்.

சூப்பர் க்ளூவின் கதை இதற்கு நேரெதிர். இதில் வெளியூர்ப் பெரிய குப்பியைவிட, பெட்டிக்கடையில் தொங்கும் 5 ரூபாய் ஃபெவிக்விக்கே வேலூருக்கு ஏற்றது என்று சொல்வேன். 1942இல் துப்பாக்கிக் குறிபார்ப்பதற்கான தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடியபோது கண்ணில் பட்டு, தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்கிறது என்பதற்காகவே ஒதுக்கப்பட்டு, 1958இல் ஈஸ்ட்மன் நிறுவனத்தால் பசையாக விற்பனைக்கு வந்த சயனோஅக்ரிலேட்தான் இந்த வகைப் பசைகள் அனைத்திலும் இருப்பது. இது உலர்ந்து இறுகுவதில்லை. காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரம் பட்டே இறுகுகிறது. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் வேலூரில் அது நடந்துகொள்ளும் விதம் முழுவதும் புரிந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களின் வறண்ட பிற்பகலில் பசை வழக்கத்தைவிட மெதுவாகப் பிடிக்கும். மூட்டின்மேல் ஒருமுறை வாயால் ஊதினால் மூச்சின் ஈரத்தில் பிடிப்பு வேகப்படும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டவுடன் பிடிக்கும்; கூடவே மூட்டைச் சுற்றி வெண்படலம் பூக்கும். பசையிலிருந்து எழும் ஆவி ஈரக்காற்றில் இறுகி, பக்கத்தில் படிவதே அந்தப் படலம். வண்ணம் பூசி முடித்த சிவப்புச் சட்டையின்மேல் அது விபூதி பூசியதுபோல் படிந்துவிட்டால், மேலே மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால்தான் பெரும்பாலும் மறையும். அதனால் மழைக்காலத்தில் ஒட்டும் வேலையை முழுவதும் முடித்துவிட்டு, மறுநாள்தான் தூரிகையைக் கையில் எடுப்பது நல்லது.

வெப்பமும் ஈரமும் குப்பிக்குள் இருக்கும் பசையையும் விட்டுவைப்பதில்லை. ஒருமுறை திறந்த 20 கிராம் குப்பி கோடையில் கெட்டியாகி, தேனாகி, பிறகு கல்லாகிவிடும். அதை எறியும்போது பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். அரை கிராம் டியூப்பை அந்த மாலையிலேயே தீர்த்துவிடலாம். கிராமுக்கு 10 ரூபாய் என்று கணக்கிட்டால் விலை கூடுதலாகத் தெரியும், எறிவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் தெரியாது. பெரிய குப்பி வாங்கியே ஆக வேண்டும் என்பவர்கள், மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் அதை வைத்து, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் தோலும் செருப்பும் செய்யும் ஊர்கள் என்பதால், ஷூ பெட்டிக்குள் வரும் அந்தப் பொட்டலங்களுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. எடுத்தவுடன் திறக்கக் கூடாது. குளிர்ந்த குப்பிக்குள் வெளிக்காற்றின் ஈரம் வியர்த்துப் பசையைக் கெடுத்துவிடும். அறையின் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும்.

டியூப்பை நேராகப் பொம்மையின்மேல் பிதுக்குவதுதான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம். ஆவின் பால் பாக்கெட்டை வெட்டிக் கழுவி, உட்புறத்தை மேலே வைத்து, அதில் ஒரு சொட்டு விட்டுக்கொள்ளலாம். பாக்கெட் பாலிஎத்திலீன் என்பதால் பசை அதைப் பிடிக்காது. ஒரு தையல் ஊசியின் காதின் மேல்வளைவை வெட்டிவிட்டால் இரண்டு சிறு முனைகள் கொண்ட கவட்டை கிடைக்கும். அதைச் சொட்டில் தொட்டால் கவட்டைக்கு நடுவில் கடுகளவு பசை நிற்கும். மூட்டில் வைத்தால் அது மட்டும் இறங்கும். அந்தக் கடுகளவே போதும், ஏனெனில் இந்தப் பசை மெல்லிய படலமாக இருக்கும்போதுதான் வலிமை அதிகம். அதிகமாகப் போட்டால் உள்ளே இறுகாமல் நாள்கணக்கில் நழுவும். ஊசியில் படிந்த பசை கெட்டியானதும் அசிட்டோனில் ஊறவைத்துத் துடைத்துக்கொள்ளலாம். சிறு பள்ளங்களை நிரப்ப வேண்டுமானால், சமையலறை ஆப்ப சோடாவைப் பள்ளத்தில் தூவி ஒரு சொட்டு விட்டால் கண் இமைப்பதற்குள் கல்லாகிவிடும். காரத்தன்மை இந்தப் பசையை உடனே இறுகச் செய்வதால் இப்படி நேர்கிறது. ஆனால் அது பொம்மையைவிடக் கடினமாகிவிடும் என்பதால், தேய்க்க வேண்டியதை அன்றே தேய்த்துவிட வேண்டும்.

சிந்திய பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைப்பது ஆபத்து. பஞ்சில் ஊறினால் பசை மிக வேகமாக இறுகி, தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகிவிடும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்க வேண்டும்.

சூப்பர் க்ளூவின் பெரிய பலவீனம் அதன் நொறுங்கும் தன்மை. நேராக இழுத்தால் விடாத மூட்டு, பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் கண்ணாடிபோல் விட்டுவிடும். கனமான உலோகச் சிப்பாய்களிடம் இது உடனே தெரியும். துப்பாக்கி ஏந்திய கை ஒன்று மேசையிலிருந்து தரையில் விழுந்தால் தனியே போய்விடும். உலோகத்துக்கு ஒட்டுவதற்கு முன் செய்யும் வேலைதான் முக்கியம். வார்ப்பு அச்சிலிருந்து பிரிவதற்காகத் தடவும் பொருளின் மிச்சம் பரப்பில் இருக்கும் என்பதால் முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் பழைய பல் துலக்கியைக் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு ஒட்டும் இரு முகங்களையும் அரத்தால் சொரசொரப்பாக்கி, கையால் சுழற்றும் சிறு துளைக்கருவியில் 1 மி.மீ. அலகு பூட்டி இரண்டிலும் துளையிட்டு, குண்டூசியையோ காகிதக் கிளிப்பின் கம்பியையோ நறுக்கி உள்ளே செருக வேண்டும். சுமையைக் கம்பி தாங்கும். பசை கம்பியை நகராமல் பிடித்துக்கொண்டால் போதும்.

அந்தப் பிடிப்புக்கு நான் சூப்பர் க்ளூவை விட்டுவிட்டு அரால்டைட்டுக்கு மாறிவிட்டேன். ரெசின், ஹார்ட்னர் என்ற இரண்டு டியூப்பாக வரும் எபாக்சி இது. ஈரத்தோடும் வறட்சியோடும் இதற்குச் சம்பந்தமில்லை, இரண்டு பொருளும் தமக்குள் வினைபுரிந்தே இறுகுகின்றன என்பதால் வேலூரின் எந்தப் பருவத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது. வேகம் மட்டும் வெப்பத்தைப் பொறுத்தது. வேகமாக இறுகும் வகை கோடையில் அட்டையில் சொன்ன நேரத்துக்கு முன்பே கெட்டியாகிவிடும். கலந்ததைக் குவியலாக வைத்தால் தன் சூட்டிலேயே இன்னும் விரையும். ஆகவே உடைந்த ஓட்டுச்சில்லின்மேல் பல்குத்தும் குச்சியால் மெல்லப் பரப்பிக் கலப்பது நல்லது. உலோக உருவங்களுக்கு ராத்திரி முழுவதும் காயும் சாதாரண வகையே என் தேர்வு. அதில் கையைச் சரியான கோணத்தில் நிறுத்தித் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது. உருவத்தைப் பிளாஸ்டிசின் உருண்டையில் சாய்த்துவைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். இரண்டு டியூப்பிலிருந்தும் அட்டையில் குறித்த விகிதத்தில் எடுப்பதில் கறாராக இருக்க வேண்டும். ஹார்ட்னர் கூடினால் சீக்கிரம் இறுகும் என்று நினைத்து அதை அதிகமாகப் போடுகிறவர்களின் மூட்டு ரப்பர்போல் நெகிழ்ந்தே கிடக்கும்.

எபாக்சியிலேயே மாவு வடிவில் வரும் எம்சீலைக் குழாய் ஒழுக்குக்கு வாங்காத வீடு கிடையாது. கொலுப் பொம்மையின் உடைந்த விரல்களுக்கும் அதுவே கைகொடுக்கிறது. உலோகத் தோள்களின் இடைவெளியை நிரப்ப அது போதுமானது. நிறம் சீராகும்வரை பிசைந்து, விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு தடவ வேண்டும். முகம், விரல் போன்ற நுண்வேலைக்கு அதன் துகள் சற்றுப் பருமன்.

மென்பிளாஸ்டிக் குதிரைப்படையைப் பற்றி நல்ல செய்தி சொல்வதற்கில்லை. பாலிஎத்திலீனை இளக்கும் கரைப்பான் எதுவும் கடையில் விற்கும் சிமெண்டில் இல்லை. சூப்பர் க்ளூவும் எபாக்சியும் அதன் வழுக்கும் பரப்பில் மேலோட்டமாக நின்று, நகத்தால் தட்டினால் தோலாக உரிந்துவிடும். பசையை நம்பாமல், சூடாக்கிய ஊசியால் துளையிட்டுக் கம்பி செருகி இறுக்கப் பொருத்துவதே நிற்கிறது. இந்த வகையில் வாங்குபவர்கள், வீரனின் காலும் குதிரையின் முதுகும் முளை வைத்துப் பொருந்தும் தொகுப்புகளையோ, ஒரே வார்ப்பாக வரும் உருவங்களையோ பார்த்து வாங்கினால் மனம் நோகாது.

ரெசின் அச்சுப் பீரங்கிகளுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை: சூப்பர் க்ளூவே போதும். அச்சிட்டபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் முழுவதும் இறுக்கிய துண்டுகளாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பிசுபிசுப்பு மீதியிருந்தால் எந்தப் பசையும் நிற்காது. தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி மூக்கில் ஏறாது.

கோட்டைச் சுவருக்கு வரும்போதுதான் ஒரு வேடிக்கை. தெர்மோகோலும் பாலிஸ்டைரீன்தான், நுரையாக ஊதப்பட்ட பாலிஸ்டைரீன். ஆங்கிலேய வீரனின் கையை அத்தனை நேர்த்தியாக ஒட்டிய சிமெண்டை இந்தச் சுவரில் ஒரு சொட்டு விட்டால், சுவர் நொடியில் உருகிப் பீரங்கிக் குண்டு பட்டதுபோல் குழி விழும். சூப்பர் க்ளூவும் அரிக்கும். கரைப்பான் கலந்த ஸ்பிரே பெயிண்டும் அப்படியே. ஆகவே சுவருக்கு ஃபெவிகால் ஒன்றே கதி. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் எம்ஆர் வகையே தாராளமாகப் போதும். தண்ணீர் ஆவியானால்தான் இது காயும், தெர்மோகோலோ தண்ணீரை உறிஞ்சாது என்பதால், இரண்டு பெரிய பலகைகளை முகத்தோடு முகம் ஒட்டினால் நடுப்பகுதி நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். பசையை முழுவதும் மெழுகாமல் கோடுகோடாகப் போட்டு, இடையில் காற்றுப் போக வழி விட்டு, ஈர்க்குச்சிகளைக் குத்தி நிறுத்திவிடலாம். கோட்டையின் கருங்கல் வரிசைகளைப் பேனா முனையால் கீறியபின், மேலே நீர்த்த ஃபெவிகாலை ஒரு பூச்சுப் பூசினால் அது மேலோடுபோல் இறுகி, பிறகு வரும் பெயிண்டிலிருந்து சுவரை ஓரளவு காக்கிறது.

தரைக்கும் ஃபெவிகால்தான். மணலுக்கு வேலூர்க்காரர்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் ஒரு கைப்பிடி பாலாற்று மணல், ஒரு காட்சியமைப்புக்கு அதிகம். அதைக் கலங்கல் நிற்கும்வரை கழுவி, வெயிலில் காயவைத்து, மாவு சல்லடையில் சலித்து நுண்ணிய பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். 28 மி.மீ. உருவத்தின் அளவில் 1 மி.மீ. மணல் பரல் என்பது ஏறத்தாழ 6 செ.மீ. கல்; சலிக்காத மணலைத் தூவினால் கோட்டை முற்றம் ஜல்லி கொட்டிய சாலையாகத் தெரியும். எம் சாண்ட் எனப்படும் கருங்கல் தூளின் சாம்பல் நிறம் கோட்டைக்கு இன்னும் பொருத்தமாக இருக்கிறது; பெயிண்ட் வேலை பாதி குறைகிறது. ஃபெவிகாலைப் பழைய தூரிகையால் பூசி, மணலைத் தூவி, மேலதிகத்தைத் தட்டிவிட்டுக் காயவிட வேண்டும். காய்ந்தபின் சம அளவு தண்ணீரும் ஒரு துளி பாத்திர சோப்பும் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், சோப்பின் உதவியால் அது பரலுக்கு நடுவே தானாக இறங்கி, மணல் உதிராதபடி பிடித்துவிடும். அட்டையின்மேல் இதைச் செய்தால் காயும்போது அட்டை அப்பளமாக வளையும். மரத்தூள் பலகையோ அக்ரிலிக் தகடோ அடித்தளமாக இருக்கட்டும். ஃபெவிகால் விஷயத்தில் மட்டும் வேலூர் வெயில் நமக்கு நண்பன்.

செருப்புத் தைப்பவர்களிடமும் சைக்கிள் பஞ்சர் கடைகளிலும் புழங்கும் ரப்பர் சொல்யூஷனைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். தோலுக்கும் ரப்பருக்கும் அது நல்ல பசைதான், ஆனால் நூல்நூலாக இழுபடும், இரு பக்கமும் தடவி ஒட்டிவிட்டால் திருத்த முடியாது, காய்ந்தபின்னும் வளைந்துகொடுத்துக்கொண்டே இருக்கும். மினியேச்சருக்கு இம்மூன்றும் ஆகாது.

கடைசியாக, வாங்கும் வழி. ஃபெவிகால், ஃபெவிக்விக், அரால்டைட், எம்சீல் நான்கும் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் வேலூர்க் கடைத்தெருவிலும் எந்த ஹார்டுவேர் அல்லது ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கின்றன. தயாரித்த தேதியைப் பார்த்து, வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் தொங்குவதை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். பிளாஸ்டிக் சிமெண்ட் மட்டுமே இணையத்தில் வரவழைக்க வேண்டியது. தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், தரைவழியாகவே வரும். சித்திரை வெயிலில் லாரிக்குள்ளும் கிடங்கிலும் நாள்கணக்கில் கிடந்து வரும் குப்பியில் அளவு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கோடையில் ஓர் இணைய விற்பனையாளர் எனக்கு அனுப்பியது மூடி தளர்ந்து, அட்டைப்பெட்டி முழுவதும் மணக்க, பாதிக்கும் குறைவாக வந்தது. படம் எடுத்து அனுப்பியும், கரைப்பான்களுக்குத் திரும்பப் பெறும் வசதி இல்லை என்ற ஒரு வரிப் பதிலோடு விவகாரம் முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் ஆண்டுக்குத் தேவையானதை மார்கழி, தை மாதங்களிலேயே வரவழைத்துக்கொள்கிறேன். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, குப்பியை நிமிர்த்திவைத்துக் கட்டி அனுப்பும்படி ஆர்டரோடு ஒரு குறிப்பும் எழுதிவிடுகிறேன். அப்படி எழுதத் தொடங்கியபின் வந்த குப்பிகளில் அளவு குறையவில்லை.